கல்குவாரி வழியாக வந்த படம்

மேல் லிபோவ்காவில் பிராக்காரர்களுக்கு யாரும் சரியான வழி சொல்வதில்லை. இது ஊர்க்கட்டுப்பாடு ஒன்றும் இல்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததும் கிடையாது. தும்மல் வந்தால் கை மூக்குக்குப் போவதைப் போல, வண்டியின் நம்பர் பலகையில் தலைநகர் பிராக்குக்கு உரிய ஏ எழுத்தைப் பார்த்ததும் இந்த ஊர்க்காரர்களின் கை தானாக எழுந்து தவறான பக்கம் நீளும். அவ்வளவுதான்.

அன்று காலை விலெம் கோஹவுட்டின் கையும் அப்படித்தான் நீண்டது. அவர் ஊர்ப் பள்ளியில் குடிமையியல் ஆசிரியர். தலையில் எப்போதும் ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி. மே மாதம் பிறந்தும் அதை எடுக்க மனம் வராது. பேக்கரியிலிருந்து கசகசா பூரணம் வைத்த கோலாச் ரொட்டிகளைப் பையில் வாங்கிக்கொண்டு, நடந்தபடியே ஒன்றைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தார். அப்போது ஒரு வெள்ளைக் கார் அவர் முன்னால் வந்து நின்றது. அவர் குனிந்து நம்பர் பலகையைப் பார்த்தார். ஏ.

கண்ணாடியை இறக்கி ஒரு பெண் ஏதோ கேட்டாள். பாலம் மூடியிருக்கிறது என்கிற மாதிரி அவர் காதில் விழுந்தது. மீதியை அவர் கேட்கவில்லை.

"நேராப் போங்க," என்றார் வாய் நிறைய கசகசாவோடு. "கல்லறைத் தோட்டம் தாண்டினதும் வலது கை பக்கம். ரோடு மோசமா இருக்கேன்னு பயந்து திரும்பிடாதீங்க. போய்க்கிட்டே இருங்க."

அந்தச் சாலை கல்குவாரிக்குப் போகிறது. அங்கே போய் முடிகிறது. மழை பெய்த மறுநாள் அங்கே டிராக்டரே திணறும். முந்தின நாள் நல்ல மழை.

கார் போயிற்று. விலெமுக்கு இதில் தனியாகச் சந்தோஷம்கூட இல்லை. மீதிக் கோலாச்சை வாயில் போட்டுக்கொண்டு பள்ளியைப் பார்த்து நடந்தார். எட்டாம் வகுப்புக்கு அன்று அவர் ஓர் ஆவணப்படம் காட்ட வேண்டும். ஆளைப் பார்க்காமலே ஆளைப் பற்றி முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்பதுதான் பாடம்.

இந்தப் படவகுப்பு அவருக்கு உயிர். வாரம் ஒரு மணி நேரம். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, ஏதாவது ஓர் ஊரில் யாரோ எடுத்த நிஜ மனிதர்களின் படத்தைப் போட்டு, முடிந்ததும் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடுவார். கேள்விகளை அட்டைகளில் எழுதி வைத்திருப்பார். முடிந்தால் ஒரு விருந்தாளியையும் கூப்பிடுவார். மற்ற நாட்களில் வாயைத் திறக்காத பிள்ளைகள்கூட இந்த வகுப்பில் கத்தும். அதுதான் அவருக்குப் பிடிக்கும்.

அதுதான் வினையும் ஆயிற்று. இறைச்சித் தொழிற்சாலைப் படம் பார்த்துவிட்டு ஒரு பையன், வீட்டில் பன்றி வெட்டும் விருந்தன்று பன்றியை அவிழ்த்துக் காட்டுக்குள் ஓட்டிவிட்டான். முதல் புகார் அது. பிளாஸ்டிக் படம் பார்த்துவிட்டுப் பெண்பிள்ளைகள் நான்கு பேர் தீயணைப்புப் படையின் வெள்ளிவிழாவில் பீர் கோப்பைகளையெல்லாம் மூட்டை கட்டிப் பறிமுதல் செய்துவிட்டார்கள். இரண்டாவது புகார்.

அந்த இரண்டாவது புகாரை எழுதியவர் லுமீர் பவெல்கா. ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குத் தலைவர். ஆள் பீப்பாய் மாதிரி இருப்பார், மீசை மட்டும் மெலிவு. பள்ளிப் பிள்ளைகளுக்கான, தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பீய்ச்சும் போட்டியில் போன வருஷம் பக்கத்து ஊரான கீழ் லிபோவ்காவிடம் தோற்றுவிட்டார்கள். அது போதாதென்று, இந்த வருஷம் மே பிறப்புக்கு ஊர் நடுவில் நட்ட நெட்டை மரத்தையும் கீழ் லிபோவ்காக்காரர்கள் வந்து ரம்பம் போட்டு அறுத்துச் சாய்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஊர் மரத்தைக் காவலை ஏமாற்றிச் சாய்ப்பது இந்தப் பக்கத்துப் பழைய பந்தயம். மரத்துக்கு அன்று காவல் இருந்தது லுமீர். தூங்கவில்லை, கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். இழந்த மானத்தை மீட்க அவருக்குப் பயிற்சி நேரம் வேண்டும். படவகுப்பு மணியைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

தலைமை ஆசிரியை ஸ்லாவ்கா மாஹலோவா ஒரு முடிவு சொல்லியிருந்தார். "விலெம் சார், நான் ஒண்ணும் படத்துக்கு எதிரி இல்ல. ஆனா இன்னிக்கு நானும் பவெல்காவும் கடைசி பெஞ்சுல உக்காந்து பாக்கப் போறோம். ஒழுங்கா நடந்தா வகுப்பு உங்களுது. மூணாவதா ஒரு புகார் வந்துச்சுன்னா, தண்ணிக் குழாய் அவருது."

அதனால்தான் விலெம் இந்த முறை பத்திரமான படமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார். அதை எடுத்த ரத்கா ஸ்மோலிகோவா என்னும் பெண்ணையே விருந்தாளியாகவும் அழைத்திருந்தார். பிர்னோ நகரத்திலிருந்து பத்து மணி பஸ்ஸில் வருவதாக அவள் பதில் எழுதியிருந்தாள்.

பத்து மணி பஸ் வந்தது. அதிலிருந்து ஒரு வாத்தும் அதன் சொந்தக்காரரும் இறங்கினார்கள். வேறு யாரும் இல்லை.

விலெம் பள்ளிக்குத் திரும்பினார். பள்ளி வாசலில் செருப்பு மாற்றும் இடத்தில் லுமீர் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போடும் செருப்புக்குள் காலை நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தார்.

"என்ன வாத்தியாரே, விருந்தாளி வரலையா?"

"வருவாங்க."

"வரலேன்னா சொல்லுங்க, நான் குழாய எடுத்துட்டு வரேன். பிள்ளைங்க சும்மா உக்கார வேணாம்." பிறகு அவருக்கு ஏதோ ஞாபகம் வந்து தோள் குலுங்கச் சிரித்தார். "காலையில ஒரு ஏ வண்டி வந்துச்சு பாருங்க. தீயணைப்பு வண்டியக் கழுவிக்கிட்டு இருந்தேன். குளத்துக்கு அனுப்பிட்டேன்."

"வெள்ளை வண்டியா?"

"வெள்ளைன்னுதான் நினைக்கிறேன். ஒரே சேறு."

"அதான், நான் அத முன்னாடியே கல்குவாரிக்கு அனுப்பியிருந்தேன்," என்றார் விலெம். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். இந்தப் பன்னிரண்டு மாதத்தில் இருவரும் ஒன்றுபட்ட ஒரே விஷயம் அதுதான்.

தலைமை ஆசிரியை சைக்கிளில் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் படத்தைப் போட்டார்கள்.

படம் நன்றாகத்தான் இருந்தது. கானா நாட்டுக்காரர் ஒருவர், ஸ்லோவாக்கியாவில் ஒரு சிற்றூரில் பஸ் ஓட்டுகிறார். முதல் வாரம் ஜனங்கள் அவர் வண்டியில் ஏறாமல் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். ஏறினாலும் பின்பக்கக் கதவை ஒட்டியே நிற்கிறார்கள். ஒருத்தி இறங்கும்போது டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். கடைசியில் பனிக்காலம் வருகிறது, சாலையெல்லாம் கண்ணாடியாக உறைகிறது. மற்ற ஓட்டுநர்கள் எல்லாரும் பள்ளத்தில் இறங்க, அவர் மட்டும் மெதுவாக ஓட்டி எல்லாரையும் வீடு சேர்க்கிறார். மறுநாள் டயரைத் தட்டியவள் அவருக்கு ஊறுகாய் ஜாடி ஒன்று கொண்டுவந்து கொடுக்கிறாள்.

விளக்குப் போட்டபோது லுமீர் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூசி என்றார்.

விலெம் முதல் அட்டையை எடுத்தார். "படத்தில் வந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?"

"கேவலமா இருந்திருக்கும் சார்," என்றான் ஹினெக் என்ற பையன். பன்றியை ஓட்டிவிட்டவன் அவன்தான். "நானா இருந்தா முதல் நாளே அவர் பக்கத்து சீட்டுல போய் உக்காந்திருப்பேன்."

"டிரைவர் பக்கத்துல சீட்டே கிடையாதுடா," என்றாள் வெந்துலா. கோப்பைப் பறிமுதலுக்குத் தலைமை தாங்கியவள். "ஆனா சார், ஆளு யாருன்னே தெரியாம எப்படி அப்படி நடந்துக்கறாங்க? பேசியாவது பாத்திருக்கலாம்ல."

"நம்ம ஊர்ல இப்படி நடக்குமா?" என்று அடுத்த அட்டையைப் படித்தார் விலெம்.

நடக்காது என்று வகுப்பே சொன்னது. கடைசி பெஞ்சிலிருந்து லுமீர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார். தலைமை ஆசிரியை தலையை ஆட்டி ஆமோதித்தார். விலெமுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதோ, இப்படியே ஒரு விருந்தாளியை மட்டும் உட்காரவைத்துவிட்டால் வகுப்பு பிழைத்துவிடும்.

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு நடைக்கு ஓடி, தான் என்ற பெயருள்ள ஒருவருக்குப் போன் போட்டார். அவர் சந்தைத் திடலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அப்பா அம்மா வியட்நாமிலிருந்து வந்தவர்கள். விருந்தாளி கிடைக்காத போதெல்லாம் விலெம் அவரைத்தான் கூப்பிடுவார்.

"மறுபடியும் நானா சார்," என்றார் தான். "நான் பொறந்தது நம்ம ஆஸ்பத்திரியில. உங்ககிட்டதான் படிச்சேன். குடிமையியல்ல எனக்கு ரெண்டாம் ரேங்க் போட்டீங்க, ஞாபகம் இருக்கா? போன தடவை நம்ம ஊர்ல கூரை ஓடு விக்கிற விலைய பத்திப் பேசலாம்னு தயாரா வந்தேன். நீங்க என் கையில ரெண்டு குச்சியக் குடுத்து சோறு சாப்பிடச் சொல்லிட்டீங்க."

"அது பிள்ளைங்க ஆசைப்பட்டாங்கன்னு."

"சார், எனக்கே அன்னிக்குத்தான் பழக்கம். சட்டையெல்லாம் சோறு. அத விடுங்க. உங்க விருந்தாளி வந்துட்டுதான இருக்காங்க, என்ன எதுக்குக் கூப்பிடறீங்க?"

"எங்க வந்துட்டு இருக்காங்க?"

"வெள்ளை வண்டி, ஏ நம்பர். மூணு தடவை என் கடை முன்னாடி சுத்திட்டாங்க. வண்டி முழுக்க சேறு, மேல அல்லிக்கொடி வேற தொங்குது. எவனோ கல்குவாரிக்கு அனுப்பியிருக்கான், இன்னொருத்தன் குளத்துக்கு. பள்ளிக்கூடத்துல படம் காட்டணுமாம். நான்தான் சரியா வழி சொல்லி அனுப்பினேன். இப்ப உங்க வாசலுக்கு வந்திருப்பாங்க."

விலெம் ஜன்னல் வழியாக வாசலை எட்டிப் பார்த்தார்.

"சார், லைன்ல இருக்கீங்களா? எனக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். நானும் போன வருஷம் பிராக்லதான் பழைய வண்டி வாங்கினேன், அதுவும் ஏ. என் மூஞ்சியப் பாத்து இந்த ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தன் ஒண்ணும் சொன்னதில்ல. அந்த வண்டியில ஏறினா மட்டும் என் கடைக்குப் போக எனக்கே குளத்து வழி காட்டுறானுங்க."

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

விலெம் முதலில் செய்த காரியம், தலையிலிருந்து சிவப்புத் தொப்பியைப் பிடுங்கி அலமாரியில் பூகோள உருண்டைக்குப் பின்னால் திணித்ததுதான். இரண்டாவது காரியம், தலைமுடியை நேர்மாறாக வகிடு எடுத்தது. வகுப்புக்குள் ஓடி லுமீரின் காதில், "அந்த ஏ," என்றார். லுமீருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "எனக்கு சைரன் கேக்குது," என்று எழுந்தார். யாருக்கும் எந்தச் சைரனும் கேட்கவில்லை. அவர் கதவை அடைவதற்குள் ரத்கா ஸ்மோலிகோவா அதே கதவு வழியாக உள்ளே வந்துவிட்டாள்.

முப்பது வயதிருக்கும். முழங்கால் வரை சேறு. பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, விருந்தாளிகளுக்கென்று பெட்டியில் கிடக்கும் கட்டம்போட்ட செருப்பை மாட்டியிருந்தாள். அதில் ஓர் அளவில்தான் ஜோடி மிஞ்சியிருந்தது, அது லுமீர் மாதிரி ஆட்களுக்கானது. அவள் நடந்தபோது படகு வருவதுபோல் இருந்தது.

"மன்னிக்கணும், பஸ்ஸுக்கு முன்னாடியே வந்துடலாம்னு வண்டி வாடகைக்கு எடுத்துட்டு வந்தேன். வழியில கொஞ்சம் தாமதம்." அவள் விலெமை உற்றுப் பார்த்தாள். "நாம எங்கயாவது சந்திச்சிருக்கோமா?"

"இருக்காதுங்க," என்றார் விலெம், வகிட்டைத் தடவியபடி. "எனக்குப் பொதுவா எல்லார் ஜாடையும் உண்டு."

தலைமை ஆசிரியை எழுந்து வரவேற்பு சொல்ல வந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் ஏனோ பாதியில் நிறுத்தி, கைக்குட்டைக்குள் நீளமாக இருமத் தொடங்கினார். விலெம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அவர் கவலை.

"பஸ் டிரைவர் படம் பாத்திருப்பீங்க," என்றாள் ரத்கா பிள்ளைகளிடம். "அதப் பத்தி நான் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி பேசிப் பேசி எனக்கே அலுத்துப்போச்சு. இன்னிக்குப் புதுசா ஒரு குட்டிப் படம் இருக்கு. காலையிலதான் எடுத்தேன். நான்கூட எடுக்கல, வாடகை வண்டிக் கண்ணாடியில ஒட்டியிருந்த கேமரா தானா எடுத்துச்சு. போடலாமா?"

"போடலாம்," என்று எட்டாம் வகுப்பு ஒரே குரலில் சொன்னது.

"பிளக்ல கரண்ட் இல்லைங்க," என்றார் விலெம். ப்ரொஜெக்டர் அவர் பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது.

"இப்ப தீ ஒத்திகை நேரம்," என்றார் லுமீர். "எல்லாரும் வரிசையா வெளிய போங்க."

"சாப்பாடு ஆறிடும்," என்றார் தலைமை ஆசிரியை கைக்குட்டைக்குள்ளிருந்து. "இன்னிக்கு டில் கீரைக் குழம்பு."

"அந்தக் குழம்பு ஆறினாதான் மேடம் நல்லது," என்றாள் வெந்துலா. எழுந்து போய்க் கறுப்புத் துணியையும் அவளே இழுத்துவிட்டாள்.

திரையில் மேல் லிபோவ்காவின் பேக்கரித் தெரு வந்தது. ஒரு சிவப்புத் தொப்பி நடந்து வந்தது. அது நின்றது. குனிந்து, கேமராவுக்குக் கீழே நம்பர் பலகை இருக்கும் இடத்தை, பல் டாக்டர் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தது. பிறகு நிமிர்ந்தது. முகம் திரை முழுக்க நிறைந்தது. உதட்டில் கசகசா.

வண்டிக்குள்ளிருந்து ரத்காவின் குரல் தெளிவாகக் கேட்டது. "வணக்கம், நான் உங்க பள்ளிக்கூடத்துக்குப் படம் காட்ட வந்திருக்கேன். பாலம் மூடியிருக்காமே, வேற எப்படிப் போறது?"

"நேராப் போங்க," என்றது முகம். "ரோடு மோசமா இருக்கேன்னு பயந்து திரும்பிடாதீங்க."

வகுப்பு முழுக்க விலெம் பக்கம் திரும்பியது. பிறகு ஹினெக் மெதுவாகக் கேட்டான். "சார், அது கல்குவாரி ரோடுதான?"

"வகிடு மாத்தினா தெரியாதுன்னு நினைச்சீங்களா சார்," என்றாள் வெந்துலா.

அடுத்து கல்குவாரி வந்தது. நீண்ட நேரம் வந்தது. சக்கரம் சுழல்வதும் சேறு கண்ணாடியில் அப்புவதும், ரத்கா வண்டியின் தாயாரையும் கல்குவாரியின் தாயாரையும் விசாரிப்பதும் கேட்டன. பிள்ளைகள் முன்னால் கெட்ட வார்த்தை வந்தால் தலைமை ஆசிரியை வழக்கமாக ஏதாவது சொல்வார். இன்று கைக்குட்டையை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டார்.

பிறகு தீயணைப்பு நிலையம். லுமீர் கையில் குழாயோடு வந்தார், குனிந்தார், பலகையில் அப்பியிருந்த சேற்றைக் குழாயால் கழுவி எழுத்தைப் படித்தார், திருப்தியானார். "பள்ளிக்கூடமா? குளத்தங்கரையோட போங்க. தண்ணி கொஞ்சம் தெரியும், பயப்படாதீங்க, ஆழம் இல்ல." பிள்ளைகள் மேஜையைத் தட்டினார்கள். லுமீர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே எங்கேயாவது தீப் பிடிக்காதா என்பதுபோல்.

மூன்றாவதாக ஒரு சைக்கிள் வந்தது. சைக்கிளில் தலைமை ஆசிரியை ஸ்லாவ்கா மாஹலோவா இருந்தார். இறங்கினார். பலகையைப் பார்த்தார். ரத்காவின் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டார். மிகவும் மரியாதையான குரலில் பதில் சொன்னார்.

"பள்ளிக்கூடமா? இந்த ஊர்ல பள்ளிக்கூடமே கிடையாதுங்களே."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு பெரிய விஷயத்துக்கு உடனே சிரிப்பு வராது. முதலில் முன்வரிசையில் ஒரு சின்னப் பெண்ணுக்கு மூக்கில் கிளம்பியது. அது ஹினெக்குக்குத் தாவியது. அப்புறம் வகுப்பே பெஞ்சுக்கடியில் கிடந்தது.

கடைசியாகப் பலசரக்குக் கடைக்காரர் வந்தார், தன் கடை வாசலிலிருந்து. அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. "பள்ளிக்கூடமா, இதோ வலது பக்கம் திரும்பினதும் மஞ்சக் கட்டடம். சிவப்புத் தொப்பி போட்டவர் யாராவது வேற வழி சொன்னா கேக்காதீங்க. அவர் எனக்கு சொந்த வாத்தியார், அதனால சொல்றேன்."

படம் முடிந்தது. வெந்துலா எழுந்து விலெமின் மேஜையிலிருந்த அட்டைக்கட்டை எடுத்தாள். தொண்டையைச் செருமினாள். அவர் படிக்கும் அதே ராகத்தில் படித்தாள்.

"படத்தில் வந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?"

"குளிரா இருந்துச்சு," என்றாள் ரத்கா. "அல்லிக்கொடிய எடுக்கத் தண்ணில இறங்கினேன்."

"சார், நீங்க நல்லவர்தான," என்றான் ஹினெக். கிண்டலாகக் கேட்கவில்லை, அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "அவங்க பள்ளிக்கூடம்னு தெளிவா சொல்றாங்க. உங்களுக்காகத்தான் வந்திருக்காங்க. ஏன் சார் அப்படி சொன்னீங்க?"

விலெமுக்குச் சொல்ல அட்டையில் ஒன்றும் இல்லை. அட்டை எழுதும்போது பதில் பிள்ளைகளுக்குத்தான் தேவைப்படும் என்று நினைத்திருந்தார்.

"காதுல விழலடா," என்றார். "ஏ எழுத்தப் பாத்தேன். அதோட காது அடைஞ்சு போச்சு. கை தானா தூக்கிடுச்சு." தொப்பி இல்லாத தலையைத் தடவினார். "அந்தப் படத்துல டயரத் தட்டினாளே, அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அவ கெட்டவன்னுதான் நான் இத்தனை வருஷம் உங்களுக்கு சொல்லிக்குடுத்துட்டு இருந்தேன்."

"எனக்கு வேடிக்கையா இருந்தது வேற ஒண்ணு," என்றாள் ரத்கா. "மூணு பேர்கிட்டயும் நான் நம்ம பக்கத்துப் பேச்சுலதான் பேசினேன். இப்ப உங்ககிட்ட பேசறேனே, இதே பேச்சு. பிராக்ல யாராவது இப்படிப் பேசுவாங்களா?"

எல்லாரும் யோசித்தார்கள். உண்மைதான். அவள் உள்ளே வந்ததிலிருந்து சொந்தக்காரப் பெண் மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தாள். யாருக்கும் உறைக்கவில்லை.

"நான் பிராக்கே இல்லைங்க. வாடகை வண்டிக் கம்பெனி எல்லா வண்டியையும் அங்க பதிவு பண்ணி வச்சிருக்கு. எழுத்து வண்டிக்குத்தான், எனக்கு இல்ல."

ஒரு பெரிய மூச்சு அறை முழுக்க இறங்கியது. கடைசி பெஞ்சு முதல் ஆளாக மலர்ந்தது. லுமீர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அட, நம்ம பொண்ணு. இத முதல்லயே சொல்லியிருந்தா கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பேனே. எந்த ஊரும்மா?"

"கீழ் லிபோவ்கா."

குலுக்கிக்கொண்டிருந்த கை நடுவில் நின்றது.

"ஸ்மோலிகோவா," என்றார் லுமீர் மெதுவாக. "மரம் அறுக்கிற மில்லு வச்சிருக்கானே, ஸ்மோலிக்."

"எங்கண்ணன். நான் சின்ன வயசுலயே பிர்னோவுக்குப் போயிட்டேன், உங்க ஊருக்குள்ள வந்ததே இல்ல."

"ரம்பம் யாருது?"

"அவருதுதான். நீங்க குறட்டை விட்டுட்டு இருந்தீங்களாம். எழுப்ப மனசு வரலேன்னு சொன்னாரு. உங்க மேல ஒரு போர்வைகூடப் போத்திட்டு வந்தாராமே."

அந்தப் போர்வை எங்கிருந்து வந்தது என்று லுமீர் இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் கையை விடுவித்துக்கொண்டு, இடுப்பில் ஊன்றி, வகுப்பைப் பார்த்து அறிவித்தார். "அப்ப நான் குளத்துக்கு அனுப்பினதுல ஒரு தப்பும் இல்ல."

"சார், இத அட்டையில எழுதிக்கலாமா?" என்றாள் வெந்துலா.

விலெம் அதைக் கவனிக்கவில்லை. அவர் தலைமை ஆசிரியையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு போயிற்று, தண்ணீர்க் குழாய் வந்தது. அதில் சந்தேகமில்லை. பன்றியும் பீர் கோப்பையும் இதற்கு முன்னால் எந்த மூலைக்கு. கறுப்புத் துணிகளை எதற்குப் பயன்படுத்தலாம் என்றுகூட யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

தலைமை ஆசிரியை கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. "விலெம் சார், மூணாவது புகார் வந்தா வகுப்ப எடுத்துடுவேன்னு சொல்லியிருந்தேன்."

"ஆமாங்க மேடம்."

"இப்ப புகார் எழுதறதா இருந்தா, இந்த ஊர்ல பள்ளிக்கூடமே கிடையாதுன்னு சொன்ன தலைமை ஆசிரியை மேலதான் எழுதணும். யாராவது எழுதறீங்களா?"

வெந்துலாவின் கை உயர்ந்தது. ஹினெக் அதைப் பிடித்துக் கீழே இழுத்தான்.

"யாரும் இல்ல," என்றார் தலைமை ஆசிரியை. "அப்ப வகுப்பு இருக்கு. அடுத்த வாரம் தீயணைப்புப் படை மொத்தமும் வந்து உக்காரணும் பவெல்கா. கீழ் லிபோவ்கா எட்டாம் வகுப்பையும் கூப்பிடுங்க. இந்தம்மா அண்ணனையும் கூப்பிடுங்க."

"ரம்பத்தோடயா?" என்றார் லுமீர்.

"ரம்பம் வேணாம். போர்வை கொண்டு வரட்டும், உங்களுக்குத் தூக்கம் வந்தா ஆகும்." பிறகு ரத்காவிடம் திரும்பினார். "அந்தப் படத்த என்ன செய்யறதா உத்தேசம்?"

"நீங்க சொன்னா இப்பவே அழிச்சிடறேன்."

தலைமை ஆசிரியை நீண்ட நேரம் திரையைப் பார்த்தார். அதில் அவருடைய சைக்கிள் அப்படியே உறைந்து நின்றது. "ஒரே ஒரு தடவ மறுபடியும் போடுங்க," என்றார். "பவெல்கா நம்பர் பலகையக் கழுவற இடம் மட்டும்."

சாப்பாடு முடிந்து ரத்கா கிளம்பினாள். சமையற்கார அம்மாள் வண்டி நம்பரைக் கேள்விப்பட்டு அவள் தட்டில் இரண்டு மாவு உருண்டை மட்டும் வைத்தாள். ஊரைக் கேள்விப்பட்டதும் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பாலம் மூடியிருந்ததால் வேறு வழி காட்ட வேண்டும். விலெம் பூகோள உருண்டைக்குப் பின்னாலிருந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, செய்த பாவத்துக்குத் தானே கூட வருவதாகச் சொல்லி முன்சீட்டில் ஏறினார். கோலாச்சில் மிஞ்சிய ஒன்றை அவளிடம் நீட்டினார்.

"உங்க ஊர் இனிமே மாறிடும்னு நினைக்கிறீங்களா சார்?" என்று வண்டியை எடுத்தபடி கேட்டாள்.

"மாறியாச்சு. நீங்களே பாத்தீங்களே, எல்லார் முகத்தையும்."

"அது வகுப்புக்குள்ள."

தெருக்கோடியில் ஒருவன் டிராக்டரில் எருவை ஏற்றிக்கொண்டு நின்றான். விலெமின் சொந்த மச்சான். அவர் மனைவியின் தம்பி. ஞாயிற்றுக்கிழமைதோறும் விலெம் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு.

"இவன்கிட்ட ஒரு தடவ கேட்டுப் பாக்கலாமா?" என்றாள் ரத்கா.

"தாராளமா கேளுங்க," என்றார் விலெம், சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து. "நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். என் தொப்பிய அரை மைல்லயே அவனுக்குத் தெரியும்."

வண்டி நின்றது. மச்சான் டிராக்டரிலிருந்து இறங்கி வந்தான். வண்டியின் முன்னால் போய்க் குனிந்தான். நிமிர்ந்தான். ஜன்னலுக்கு வந்து, ரத்காவையும் அவளுக்கு அப்பால் சிவப்புத் தொப்பியையும் தாண்டி எங்கேயோ தூரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, கையை நீட்டினான்.

"கல்லறைத் தோட்டம் தாண்டினதும் வலது பக்கம். ரோடு மோசமா இருக்கேன்னு திரும்பிடாதீங்க."

விலெம் வாயைத் திறந்தார். ரத்கா அவர் கையைத் தொட்டுச் சும்மா இருக்கச் சொன்னாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ரொம்ப நன்றிங்க," என்று மச்சானிடம் சொல்லிவிட்டு, வண்டியைக் கல்லறைத் தோட்டம் பக்கம் திருப்பினாள். "போய்ட்டு வருவோமா சார்? காலையில கல்குவாரியில வெளிச்சம் சரியாவே விழல."